நாலு விரல் மடிப்பு

நொச்சிவிளைக் கோயிலில் ஃபாதர் ஹிலாரியுஸ் உடுத்தியிருந்த புது அங்கி முதன்முதலாக வளரத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, ஊரில் யாரும் வாய் பிளக்கவில்லை. பாடகர் குழுவுக்கு மட்டும் கோபம் வந்தது, ஏனென்றால் காணிக்கைப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் பீடத்துப் படியிறங்கி வந்த அந்த வெண்பட்டின் ஓரம் கீபோர்டுக்கு அடியில் நுழைந்து கால்கட்டையை அமுக்கிவிட, அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பாட்டு கோயில் முழுக்க இழுவையாக இழுத்துக்கொண்டு நின்றது. மற்றவர்கள், வீடு பெருக்குகிறவளுக்கு இடம் கொடுப்பதுபோல, காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஓரம் பெஞ்சுகளுக்கு நடுவே போனது, வாசற்படி இறங்கியது, கொடிமரத்தைத் தாண்டியது, ரேஷன் கடையையும் ரப்பர் ஷீட் காயப்போட்ட கொடிகளையும் கடந்து, ரோட்டில் வந்த மினிபஸ்ஸை ஹாரன் அடிக்க அடிக்க நிறுத்திவைத்துக் குறுக்கே போய், கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் தொபியாஸ் சாரின் வீட்டை அடைந்தது. அங்கேயும் மார்பிள் பதித்த முன்வாசலைச் சட்டை பண்ணாமல், பின்பக்கம் சுற்றி, மாட்டுத்தொழுவத்தை ஒட்டி இறக்கிக் கட்டிய சாய்ப்பின் கதவுக்கு முன்னால் போய் நின்றது.

தெக்லா அதன் பின்னாலேயே ஓடினாள், இடுப்பில் ஏழு மாதக் குழந்தை ஷைனியோடு. அங்கியைத் தைத்தவள் அவள். வெண்பட்டு செம்மண்ணில் இழுபடுவதைப் பார்த்தால் தைத்தவளுக்கு வயிறு எரியாதா? "மண்ணு! மண்ணு!" என்று கத்திக்கொண்டே ஓடியவள், சாய்ப்புக் கதவுக்கு முன்னால் ஓரம் ஒரு சாண் தூரத்தில் அசையாமல் கிடப்பதைக் கண்டாள். அது எதற்கோ காத்திருந்தது.

கோயிலில் ஃபாதர் அடுத்த ஜெபத்துக்குத் திரும்பப் பார்த்தார், முடியவில்லை. "யாராவது மிதிச்சிட்டு நிக்கியளா?" என்று அவர் மைக்கில் கேட்டது நாலு ஒலிபெருக்கியிலும் ஊர் முழுக்கக் கேட்டது.

சாய்ப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு அது? வா மக்கா, உள்ள வா."

அவ்வளவுதான், ஓரம் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. தெக்லா கதவைத் தள்ளினாள். தொபியாஸ் சாரின் சின்னம்மை ஞானப்பூ, இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாக அந்தக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். முதுகில் புண் வந்து, அதன்மேல் ஈ வந்து, ஈயை விரட்டக் கை எட்டாமல் கிடந்தாள். பட்டு அவள் காலடியில் ஏறிச் சுருண்டு உட்கார்ந்துகொண்டது.

மூச்சிரைக்க வந்த தொபியாஸ் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்பதால், முதலில் விளக்கம் சொன்னார். "நாங்க நல்லாத்தான் பாக்கோம். அவியளுக்குக் காத்து வேணும்னுதான் இங்க..."

"சார், இந்தப் பிள்ளையப் பிடிங்க," என்று தெக்லா ஷைனியை அவர் கையில் திணித்தாள். "வெந்நி எங்க? பழைய வேட்டி இருந்தா கிழிச்சுக் கொண்டு வரச் சொல்லுங்க. சின்னம்மை, என் கழுத்தப் பிடிச்சுக்கிடுங்க. ஒண்ணு, ரெண்டு..."

புரட்டி, துடைத்து, புண்ணைக் கழுவி, விரிப்பு மாற்றி, நாலு கரண்டி கஞ்சி உள்ளே போனதும் பட்டு, பொத்தானை அமுக்கிய இஞ்சு டேப்போல, விறுவிறுவென்று வந்த வழியே சுருண்டு திரும்பியது. பீடத்தில் ஃபாதர் விழாமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ. பூசை முடிய மணி ஒன்றரை ஆனது. வீடுகளில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த கறி அடிபிடித்தது. அதைப் பற்றித்தான் ஊர் அன்று முழுக்கப் பேசியது.

தெக்லா மட்டும் வேறொன்றை நினைத்துக்கொண்டு நின்றாள். ஞானப்பூவைத் தூக்கியபோது அவள் அடிவயிற்றில் ஏதோ பிடித்து இழுத்தது. யாரும் பார்க்காதபோது சேலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஷைனி பிறந்ததிலிருந்து அவளுக்கு உதிரம் நிற்கவில்லை. ஏழு மாதம். ஊர் உறங்கும் மத்தியான நேரத்தில் குளத்தில் துணி அலசும்போது யாராவது கேட்டால், "பிள்ளைத் துணி" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், எதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், அதனால் யாரும் நம்பாமல் இருந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். முதலில் அங்கி முடியட்டும் என்றிருந்தாள். அங்கி முடிந்தது. இனி மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் வரும் திருவிழா முடியட்டும் என்றிருந்தாள்.

* * *

அந்த அங்கி தைக்கப்பட்ட கதையையும் சொல்லிவிட வேண்டும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இன்னாசியம்மாள் என்ற பெண் நொச்சிவிளையிலிருந்து வெளியூர் போய் நர்ஸ் படிப்புப் படித்துவிட்டு, வெள்ளைச் சேலையும் கையில் தகரப் பெட்டியுமாகத் திரும்பி வந்தாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படிப் படித்து வந்த முதல் பெண் அவள். காலரா வந்த வருஷம் வீடு வீடாகப் போனாள், வாந்தியை அள்ளினாள், பேதியைக் கழுவினாள், தண்ணீரைக் கொதிக்கவைக்காதவர்களின் பானையை உடைத்தாள். ஊர் பிழைத்தது. பிழைத்த ஊர் முதல் வேலையாக, எல்லார் அழுக்கையும் தொட்ட கை என்று அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தியது. கோயிலில் அவள் பக்கத்தில் யாரும் பாய் விரிக்கவில்லை. அதனால் இன்னாசியம்மாள் முப்பத்திரண்டு வருஷம் கோயிலின் பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்து பூசை கண்டாள். விரட்டப்பட்ட பழக்கத்தினால், எந்த வீட்டு நோயாளியிடமும் கதவுக்கு ஒரு சாண் முன்னால் நின்று "வரலாமா?" என்று கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து "வா" என்று வந்தால்தான் போவாள்.

அப்படியும் பதினோரு பெண்களைச் சேர்த்துப் படிக்க அனுப்பினாள். அந்தப் பதினொன்று நூறாகி, நூறு பலவாகி, இன்றைக்கு நொச்சிவிளையில் வீட்டுக்கு ஒரு நர்ஸ், குவைத்தில் ஒன்று, டெல்லியில் ஒன்று, அயர்லாந்தில் இரண்டு என்று இருக்கிறார்கள். உலகத்தில் கிடப்பாகக் கிடக்கும் கிழவர் கிழவிகளையெல்லாம் நொச்சிவிளைப் பெண்கள் மணிக்கணக்குத் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். நொச்சிவிளையில் கிடந்தவர்களைப் புரட்டத்தான் ஆள் இல்லை.

அவள் நர்ஸாகத் திரும்பி வந்த நூற்றாண்டு நெருங்கியதும் பேரவை கூடியது. சிலை என்றார்கள், வெயிலில் நிற்கவைக்க வேண்டாம், அவள் உயிரோடு இருந்தபோதே நிறைய நின்றுவிட்டாள் என்று யாரோ சொல்ல, கடைசியில் அவள் நினைவாகப் பூசைக்கு ஒரு விழா அங்கி என்று முடிவானது, தோளிலிருந்து குதிகால் வரை விழுகிற வெண்பட்டு அங்கி, முழுக்க எம்பிராய்டரி. கான்வென்ட் தையல் கூடத்தில் வேலையை ஏற்றுக்கொண்ட தெக்லா, இன்னாசியம்மாளின் தகரப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை அப்படியே வரைந்து கொண்டுபோனாள்: கெட்டில், கத்தரி, சோப்பு, அரிக்கேன் விளக்கு, எழுந்திருக்க முடியாதவர்களுக்குக் கட்டிலிலேயே வைக்கும் பெட்பேன்.

"பெட்பேனா?" என்றார் தொபியாஸ் சார். "பீடத்துக்கு முன்னாலயா?"

"அதத்தானே சார் அவிய ஜாஸ்தி தூக்குனாவ."

அரைநாள் விவாதம் நடந்தது. விளக்கு உடனே பாஸானது. சோப்பை, நுரை இல்லாமல், ஏற்றுக்கொண்டார்கள். பெட்பேன் இருந்த இடத்தில் ஒரு லீலிப்பூ போட்டுவிடச் சொன்னார்கள். தெக்லா போட்டாள், நல்ல அழகான லீலிப்பூதான்.

தவறு என்று ஒன்று நடந்ததென்றால் அது ஓரத்தில் நடந்தது. பெரிய மகளின் பள்ளிக்கூடப் பாவாடைக்கு எப்போதும் செய்வதுபோல, வளருகிற பிள்ளைக்குப் பின்னால் இறக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று எல்லாத் தாய்மாரும் உள்ளே மடித்து விடுவார்களே, அந்தப் பழக்கத்தில் தெக்லாவின் கை, ஐம்பத்தேழு வயதான ஃபாதர் ஹிலாரியுஸின் அங்கியிலும் நாலு விரல் உள்ளே மடித்துத் தைத்துவிட்டது. பிறகு கவனித்தாள். பிரிக்க மனம் வரவில்லை. ஃபாதர்மார் மாறுவார்கள், அடுத்து வருகிறவர் உயரமாக இருந்தால்? இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நீ வளர விட்டே, அது வளருது," என்றாள் தையல் கூடத்தில் பக்கத்து இருக்கை அல்போன்சி. ஊருக்கும் அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

* * *

அங்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் தீர்ந்தது என்று இந்தக் கதையைக் கேட்கிற யாரும் சொல்வார்கள். ஆனால் நூற்றாண்டு வருஷம் முழுக்க, ஆயர் வரும் திருவிழா வரைக்கும், ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் உடுத்த வேண்டும் என்று பேரவை தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானத்தை மாற்றப் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழு வருஷத்துக்கு ஒருமுறைதான் கூடும், அதுவும் கூடிவிட்டது. துணி வளர்வதை நொச்சிவிளை தாங்கிக்கொள்ளும், தீர்மானத்தை மீறுவதைத் தாங்காது.

அதனால் ஊர் அங்கிக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. ஞாயிறுதோறும் ஓரம் ஒரு வீட்டுக்குப் போனது. போன வீட்டில் ஒருவர் கிடந்தார். கிடந்தவர் "வா" என்றதும் உள்ளே நுழைந்து, கழுவித் துடைத்து வாயில் ஏதாவது ஊற்றும்வரை ஃபாதரைப் பீடத்தில் கட்டிப்போட்டது. அங்கி வந்த வீடு என்றால் அவமானம். பெண் பார்க்க வந்தவர்கள் நகைக் கணக்குக்கு முன்னால், "உங்க வீட்டுக்கு எத்தன தடவ வந்துது?" என்று கேட்டார்கள். ஆகவே நொச்சிவிளையில் சனிக்கிழமைக் குளிப்பு என்று ஒன்று புதிதாகப் பிறந்தது: சனிக்கிழமை மத்தியானம் ஆனால், கோயில் தெருவாரியாகப் பிரித்துவைத்த ஏழு அன்பியங்களிலும் எல்லா வீட்டிலும் பின்னறைக் கதவுகள் திறந்தன, வெந்நீர் போட்டார்கள், வருஷக்கணக்கில் சுவரையே பார்த்துக் கிடந்த மாமனார்களையும் மதினிமார்களையும் வெயிலுக்குத் தூக்கிவந்து, முதுகு தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டு, திருமணத்துக்குப் போகிறவர்களைப்போலச் சட்டை மாட்டி உட்கார வைத்தார்கள். அன்பினால் செய்தார்கள் என்று யாரும் பொய் சொல்லவில்லை. அண்டை வீட்டுக்காரன் வாய்க்குப் பயந்து செய்தார்கள். ஆனால் முதுகுப் புண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, அது ஆறியது.

ஒரு குடும்பம் தங்கள் பெரியப்பாவை ஞாயிறு மட்டும் பக்கத்துக் கோயிலின் பங்கிலிருந்த உறவுக்காரர் வீட்டில் விட்டுவைத்தது. ஓரம் எல்லை தாண்டி அங்கேயும் போய்ச்சேர, "உங்க ஊருப் பட்டு எங்க ஊரு ரோட்டுல கெடக்கு" என்று அந்தப் பங்கிலிருந்து காட்டமாகக் கடிதம் வந்தது. இன்னொருவன், முந்தின நாள் குடித்தது தெளியாமல், தனக்கும் யாராவது கஞ்சி ஊற்றட்டும் என்று வாசலில் பாய் போட்டு முனகிக்கொண்டு படுத்தான்; ஓரம் அவனைச் சாக்கடையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனது. ஃபாதர் ஹிலாரியுஸ், பீடத்தில் எவ்வளவு நேரம் மாட்டிக்கொள்வோம் என்று தெரியாததால், பிரசங்கத்தை ஐந்து நிமிஷத்துக்குள் முடிக்கப் பழகினார். அங்கி செய்த அற்புதங்களில் இதைத்தான் ஊர் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துப் பேசியது.

தெக்லாவின் வீட்டுக்கு மட்டும் அங்கி வந்ததே இல்லை. "பாரு, ரெண்டு பிள்ளையள வச்சிட்டு எப்படி இருக்கா! சிரிச்ச முகம்!" என்று தாய்மார் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

உண்மை என்னவென்றால் வந்தது. நான்காவது ஞாயிறே வந்தது. வேறொரு வீட்டில் வேலை முடித்துத் திரும்பும்போது தெக்லாவின் வாசல் கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தெக்லா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, கோழியை விரட்டுவதுபோல முந்தானையை வீசினாள். "போ, போ. எனக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த வீட்டப் பாரு." அது கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுப் போனது. அடுத்த ஞாயிறும் நின்றது. அதற்கடுத்த ஞாயிறும். "எம் மூத்தவளுக்குப் பரீட்சை," என்றாள். "தையல் கூடத்துல ஆள் இல்ல," என்றாள். "நான் படுத்தா யாரு எழும்புவா? சொல்லு பாப்போம்," என்றாள். ஓரம் திரும்பிப் போனது. இதற்குள் மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. ஊசியில் நூல் கோர்க்க மூன்றுதடவை ஆனது.

"முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கே பிள்ளே, எதாவது உண்டா?" என்று அல்போன்சி கேட்டாள்.

"பவுடர் கூடிப்போச்சுக்கா."

புருஷன் கனிசியஸ், முதல் ஞாயிறு ரோட்டில் ஹாரன் அடித்த அந்த மினிபஸ்ஸின் டிரைவர், நல்லவன்தான். பஸ்ஸின் அடியில் எங்கே எண்ணெய் கசிந்தாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவான்.

* * *

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் பேரவை தெக்லாவைக் கூப்பிட்டு அனுப்பியது.

"ஆயர் உடுத்துறப்ப அது வளரப்படாது," என்றார் தொபியாஸ் சார். "ஆயர் ஆண்டவர் பீடத்துல நிக்க, துணி போய் எவன் வீட்டுக் கட்டிலுக்கடியில நொழைஞ்சா நமக்கு மரியாதையா? அந்த நாலு விரல் மடிப்ப வெட்டி எடுத்துரு."

தெக்லா ஃபாதரைப் பார்த்தாள். ஃபாதர் மேசைவிரிப்பைப் பார்த்தார்.

"வெட்டுனா பொறவு அது வெறும் துணி, சார்."

"வெறும் துணியாத்தான் உங்கிட்ட தந்தோம்."

வெட்டலாமா? வெட்டினால் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்க எதுவும் இருக்காது, சாக்குச் சொல்ல வேண்டியதில்லை, நிம்மதி. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை தையல் கூடத்தில் மடிப்பைப் பிரித்துக் கத்தரி வைத்தவள், இரண்டுதடவை அதைக் கீழே வைத்து எடுத்துவிட்டுத்தான் வெட்டினாள். வெட்டி விழுந்த நீளத் துண்டு தரையில் அசையாமல் கிடந்தது. துணியைத் தூர எறியும் பழக்கம் அவளுக்கு இல்லை. பாப்பாவுக்கு ரிப்பனாவது ஆகும் என்று சுருட்டித் தையல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திருவிழா அன்று ஆயர் வந்தார். ஃபாதரைவிடச் சரியாக நாலு விரல் உயரம். நூற்றாண்டு விழா அங்கி அவருக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. கீழே இரண்டு கறுப்புக் காலுறைகள், அவற்றில் ஒன்று கொஞ்சம் தளர்ந்து, பூசை முழுக்க ஊர் பார்க்கத் தெரிந்தன. தொபியாஸ் சார் திரும்பித் தெக்லாவைத் தேடினார். அவள் வழக்கமான இடத்தில் இல்லை. கூட்டம், வெக்கை, ஊதுபத்திப் புகை, எல்லாம் சேர்ந்து தலை சுற்றவே, ஷைனியோடு பின்வாசல் பக்கம் போய், இன்னாசியம்மாள் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்த படி அது என்கிற நினைப்பே இல்லாமல், கால் விழுந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே இன்னாசியம்மாளைப் புகழ்ந்தார்கள். ஒருவர் அவளை விளக்கு என்றார், ஒருவர் லீலி என்றார். காணிக்கைப் பாட்டு வந்தது, வளர வேண்டிய நேரம் வந்தது, எதுவும் வளரவில்லை. வெளியே ஏழு அன்பியங்களிலும், சனிக்கிழமை குளித்துப் பவுடர் போட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்த்தப்பட்ட கிடப்பு ஆட்கள் எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராவிட்டால் வீட்டுக்கு மரியாதை, தெரியும். ஆனாலும் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவரையொருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஆயரே ஃபாதரின் காதில், "வளரும்னு சொன்னாங்களே?" என்று கேட்டதை மைக் எடுத்து எல்லாருக்கும் சொல்லிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பின்வாசல் படியில் தையல் பை அசைந்தது. வெட்டுப்பட்ட துண்டு அதன் வாயிலிருந்து இறங்கி வந்து, தெக்லாவின் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

தெக்லா முந்தானையை வீசப் பார்த்தாள். கை எழும்பவில்லை. "அடுத்த..." என்று தொடங்கினாள், "வீட்ட" என்பது வரவில்லை. படியில் ஏதோ சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது, பாப்பா அதைத் தொடாமல் இருக்க வேண்டுமே என்று மட்டும் நினைத்தாள்.

துண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு அது இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது: ஒரு முனையை அவளுக்கு முன்னாலேயே வைத்துவிட்டு, மறுமுனையைத் திருப்பிக்கொண்டு கோயிலுக்குள் வளர்ந்தது. இத்தனை மாதமும் பீடத்திலிருந்து நோயாளிக்குப் போன வழியை நோயாளியிடமிருந்து பீடத்துக்குப் பிடித்து, பெஞ்சுகளுக்கு நடுவே நிமிர்ந்து நடந்து, படியேறி, ஆயரின் தளர்ந்த காலுறைக்கு மேலே அங்கியின் ஓரத்தைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டது. ஆயர் ஒரு அடி எடுத்துவைக்கப் பார்த்தார். முடியவில்லை.

"என்ன செய்யணும்?" என்றார், மைக்கில்.

அனுபவசாலியான தொபியாஸ் சாருக்குத்தான் பதில் தெரிந்தது. "ஆயர் ஆண்டவரே, யாரோ கெடக்காவ. போய்ப் பாக்கணும்."

எல்லாரும் முன்வாசலைப் பார்த்து எழுந்தார்கள். துணியோ பின்வாசலைப் பார்த்துக் கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பி ஊருக்குப் பழக்கமில்லை. கழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் தெக்லா, நிலைக்கதவில் சாய்ந்தபடி, இவ்வளவு முகங்களைப் பார்த்துவிட்ட கூச்சத்தில் சிரிக்கக்கூடப் பார்த்தாள். "பவுடர்..."

அல்போன்சி படியைப் பார்த்தாள். இத்தனை மாதக் குளத்துத் துணி எல்லாம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்து கத்தினாள். "சொல்லித் தொலையேன் பிள்ளே! வரலாமான்னு ஒருத்தி கேக்கா, நூறு வருசமா கேக்கா, வா-ன்னு ஒரு வார்த்த சொன்னா ஒனக்கு வாயா தேஞ்சு போவும்?"

தெக்லா ஒரு சாண் தூரத்தில் நின்ற பட்டைப் பார்த்தாள். தான் தைத்த தையல், நேர்த்தியாகத்தான் இருந்தது.

"வா," என்றாள்.

அது பாதத்தில் ஏறி, இடுப்பைச் சுற்றி, இறுக்கமாகக் கட்டுப்போட்டுக்கொண்டது. வெண்பட்டில் சிவப்பு பரவுவதைப் பார்த்ததும் தெக்லா பதறிப்போய், "ஐயோ, வெந்நி ஊத்தப்படாது கேட்டியளா, கறை பிடிச்சுரும். உப்புத் தண்ணில ஊறப் போடணும்," என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கினாள்.

* * *

கனிசியஸ் மினிபஸ்ஸை எடுத்தான். அங்கி தெக்லாவை விடவில்லை, ஆயரையும் விடவில்லை. அதனால் ஆயரும் ஏறினார். முன் இருக்கையில் ஷைனியை மடியில் வைத்துக்கொண்டு, திருவிழா உடுப்போடும் காலுறையோடும் அவர் போனதை வழியிலிருந்த நாலு ஊரும் பார்த்தது. டிக்கெட் எடுக்காமல் போன முதல் பெரிய மனிதர் அவர் என்று கண்டக்டர் பிறகு சொன்னான். ஆஸ்பத்திரியில் டியூட்டி நர்ஸ், "துணைக்கு வந்தவங்க வெளிய நில்லுங்க," என்றாள். ஆயர் வெளியே நின்றார், கதவிடுக்கில் நுழைந்த துணியின் மறுமுனையோடு, நாலு மணி நேரம். பாப்பா அவர் மேல் இரண்டுதடவை மூத்திரம் போனது. உள்ளே இரண்டாவது ரத்தப் பாட்டில் சொட்டத் தொடங்கியபோது பட்டு தளர்ந்து, சுருண்டு, வெளியே வந்தது. காலையில் தொடங்கிய பூசை மாலை ஐந்தரைக்கு முடிந்தது. பிரியாணி ஆறிப்போயிருந்தது. அதைப் பற்றியும் ஊர் பேசியது.

மறுநாள் காலையில், தண்ணீர் வரும் நேரத்தில், முப்பது குடம் வரிசையில் இருக்கும்போது, கனிசியஸ் தெக்லாவின் துணிகளை ஒரு வாளியில் கொண்டுவந்து பொதுக்குழாயடியில் உட்கார்ந்து அலசினான். நொச்சிவிளையில் அதுவரை எந்த ஆம்பிளையும் செய்யாத வேலை. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி பார்த்தார்கள்.

"எண்ணெய் ஒழுகுனா தெரியுதுல்ல? இது தெரியலியா லே?" என்றாள் அல்போன்சி.

அவன் தலை நிமிரவில்லை. "உப்பு எவ்வளவு போடணும்க்கா?" என்று கேட்டான்.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் கழித்துத் தெக்லா தையல் கூடத்துக்கு வந்தபோது, அங்கியை இனி யாரும் உடுத்த வேண்டாம், கண்ணாடி அலமாரியில் வைத்து மரியாதை செய்யலாம் என்று புது வருஷத்துப் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டிருந்தது. அதற்கு முன்னால் பழுது பார்க்க அவளிடம் கொடுத்தார்கள். துண்டைத் திரும்ப ஓரத்தில் வைத்துத் தைத்து, பழையபடி நாலு விரல் உள்ளே மடித்தாள். எவ்வளவு உப்பு போட்டும் ஓரிடத்தில் கறை போகாமல், உள்ளங்கை அளவுக்கு, பழுப்பாக நின்றது.

"அதுமேல இன்னொரு லீலி போட்டுரு," என்றார் தொபியாஸ் சார்.

தெக்லா கறையைச் சுற்றி வெள்ளிநூலால் கோடு ஓட்டி, கைப்பிடி வைத்து, ஒரு பெட்பேன் போட்டாள். நல்ல அழகான பெட்பேன். தொபியாஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். வீட்டில் சின்னம்மைக்கு வெந்நீர் போடும் நேரமாகிவிட்டது என்பதால் விவாதம் பண்ணாமல் போய்விட்டார்.

அலமாரி அளவெடுக்க ஆசாரி வந்தபோது தெக்லா அவரைக் கூப்பிட்டாள், வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, வழக்கமான சிரிப்போடு.

"கதவுக்கு அடியில கொஞ்சம் இடைவெளி விடுங்க அண்ணே. பட்டுக்குக் காத்து வேணும்."

"எவ்வளவு விடணும்?"

"நாலு விரல்," என்றாள்.